பூட்டில் கை வைக்காதவன்

இந்தக் காலத்து ஆட்களுக்கு நன்றி நாக்கு நுனியில்தான் இருக்கிறது. ஒரு தடவை துப்பினால் போய்விடும். உதவி கேட்டு வரும்போது கண்ணில் தண்ணீர், உதவி கிடைத்த மறுநாள் அதே கண்ணில் சந்தேகம். நானும் யாரையும் நம்புகிறவன் இல்லைதான். ஆனால் அதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். உள்ளே ஒன்றை வைத்துக்கொண்டு வெளியே பாட்டுப் பாடுகிற வேலை நமக்கு வராது.

எனக்குப் பூட்டுக் கடை. ஒரு ஷட்டர், ஒரு பலகை, சாவி வெட்டும் இயந்திரம், அவ்வளவுதான். இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாமவர் தெருவில் நிற்க வேண்டும். அந்தக் கடைக்கு என் மருமகள் ஓர் ஆளைக் கூட்டி வந்தாள். அவனுடைய பழைய தொழில் வீடு புகுந்து திருடுவது. சிறையிலிருந்து வந்தவனுக்கு அவளுடைய சபைக்காரர்கள் ஆலயத்தின் பின்னால் ஓர் அறை கொடுத்திருந்தார்கள்.

"மாமா, இவருக்கு யாரும் வேலை குடுக்க மாட்டேங்குறாங்க. சும்மா இருந்தா பழைய கூட்டாளிங்க வந்து இழுத்துட்டுப் போயிடுவாங்க. நீங்க வெச்சுக்கங்க."

"பூட்டுக் கடையில திருடனா? ஏம்மா, புத்தி கித்தி மழுங்கிப் போச்சா உனக்கு?"

"யாரும் சேர்த்துக்காதவங்களைச் சேர்த்துக்கிட்டவருதானே மாமா இயேசு."

"அவரு பூட்டுக் கடை வெச்சிருந்தாரா?"

"தச்சு வேலை பார்த்தாரு."

இவளிடம் பேசி ஜெயிக்க முடியாது. மகனிடம் முறையிட்டேன். அவன் பொண்டாட்டி பேச்சுக்குத் தலையாட்டுவதற்கென்றே கழுத்து வைத்திருப்பவன்.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. அந்த ஆள் சபை முன்னால் மண்டியிட்டு, இனிமேல் இன்னொருவர் பூட்டில் கை வைக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறான். போதகர் ஜெபித்திருக்கிறார், கூட்டமே கைதட்டியிருக்கிறது. கையோடு அவனைக் கொண்டுவந்து பூட்டுக் கடையில் விட்டுவிட்டார்கள்! இப்படிப்பட்ட கூத்து நல்ல மனசுக்காரர்களுக்கு மட்டும்தான் கைவரும்.

அவன் நடந்தால் சத்தமே கேட்காது. பூனை என்று பெயர் வைத்தேன். கடையைக் கூட்டுவான், புதுச் சாவியை அரத்தால் ராவித் தருவான். யாராவது பூட்டைக் கொண்டுவந்தால் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொள்வான்.

"மீன் கடையில உக்காந்துக்கிட்டு மீனைத் தொட மாட்டேன்னா எப்படிடா?"

"வாக்குக் குடுத்துட்டேன் முதலாளி."

எனக்கோ ஒரு கண்ணில் புரை, கையில் நடுக்கம். சாயங்காலம் சாவிக்கொத்தை அவன் பார்க்கும்படியாகவே இடுப்பில் செருகிக்கொள்வேன்.

ஒரு நாள் காலையில் கடைக்கு மேலே மாடி வீட்டுத் தையல்காரம்மா படியில் உருண்டு விழாத குறையாக ஓடி வந்தாள். மருமகளின் சபைதான். முன்வரிசையில் நின்று பாடுகிறவள். பூனை வாக்குக் கொடுத்த அன்று அவள்தான் எல்லாரையும்விட அதிகமாகக் கைதட்டினாளாம்.

"குப்பை போட வெளிய வந்தேன், கதவு சாத்திக்கிச்சு! பையன் உள்ள இருக்கான்! அடுப்பு எரியுது!"

மேலே போனோம். இரும்புக் கதவு, தானே பூட்டிக்கொள்ளும் பூட்டு. கீழிடுக்கு வழியாகக் கருகல் வாடை வந்தது. குழந்தை அழுதது. கம்பியை உள்ளே விட்டேன். துவாரம் இரண்டாகத் தெரிந்தது. கம்பி நழுவிக் கீழே விழுந்தது.

"பூனை, வாடா!"

அவன் அக்குளில் கைகளை இடுக்கிக்கொண்டு படியில் நின்றான். முகமெல்லாம் வேர்வை.

"முதலாளி, வாக்கு..."

"உன் வாக்கைத் தூக்கி..." மீதியை விழுங்கிக்கொண்டேன்.

உள்ளே குழந்தை இருமியது. அவ்வளவுதான். பூனை குனிந்து கம்பியை எடுத்தான். கண்ணை மூடினான். ஜெபித்தானா, பூட்டுக்குள் காது கொடுத்தானா, எனக்குத் தெரியாது. கதவு திறந்துவிட்டது. அடுப்பை அணைத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கி வந்து தாயிடம் கொடுத்தான்.

"கர்த்தர்தான் உங்களை அனுப்பினாரு" என்று அவள் அழுதாள்.

அவனோ கடை மூலையில் உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். சாப்பிடவில்லை.

"உடைச்சுட்டேன் முதலாளி."

"போடா மடையா. குழந்தை செத்திருந்தா உன் வாக்கு பத்திரமா இருந்திருக்குமா?"

மறுநாள் மத்தியானம் மருமகள் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்த நேரம். தையல்காரம்மா வந்தாள். நன்றி சொல்ல வருகிறாள் என்று நினைத்தேன்.

"பெரியவரே, ஒரு நல்ல பூட்டு வேணும்."

"இருக்கிற பூட்டுக்கு என்ன?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். இந்தக் கடையில் குரலைத் தாழ்த்தி என்ன பயன்? "அவ்வளவு சுலபமா திறந்துட்டாரே... ராத்திரி கண்ணே மூடல. தப்பா நினைக்காதீங்க, அவரால திறக்க முடியாத பூட்டா குடுங்க. அவரை வேற எங்கயாவது அனுப்பிடச் சொல்லிப் போதகர்கிட்டயும் பேசியிருக்கேன்."

எனக்குக் கோபம் உச்சி வரைக்கும் ஏறியது. "நேத்து கர்த்தர் அனுப்பினாருன்ன. இன்னைக்கு எந்த விலாசத்துக்குத் திருப்பி அனுப்பறே? பூட்டும் இல்ல, கீட்டும் இல்ல. போ!"

"மாமா, அக்கா பயந்து போயிருக்காங்க. திட்டாதீங்க" என்றாள் மருமகள்.

"நீ யாரு பக்கம்?"

"ரெண்டு பேரு பக்கமும்தான். அக்கா, போதகர்கிட்ட நானும் பேசுறேன். அறை இல்லன்னு சொல்லிட்டாங்கன்னா அவர் எங்க வீட்டு வராந்தாவுல படுத்துக்கட்டும்."

"எந்த வீட்டு வராந்தா? யாரைக் கேட்ட?"

மூலையில் உட்கார்ந்திருந்த பூனை எழுந்தான். மேல்தட்டிலிருந்து கனமான பூட்டு ஒன்றை எடுத்துப் பலகையில் வைத்தான்.

"அக்கா, இது எனக்கு வராது. அந்தக் காலத்துலயே இந்தப் பூட்டு இருக்கிற வீட்டை விட்டுட்டு நடந்துடுவேன். இதைப் போட்டுக்கங்க. தானா பூட்டிக்கவும் பூட்டிக்காது."

அவள் பூட்டைப் பார்த்தாள், அவனைப் பார்க்கவில்லை. நன்றி என்ற சொல் வருமா என்று காத்திருந்தேன். வரவில்லை. முழங்கால் வலியோடு நான்தான் மாடியேறி மாட்டினேன். பூனை விளக்குப் பிடித்தான். நான் வேலை செய்து முடிக்கும்வரை அவள் அவன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை வந்து அவன் காலைக் கட்டிக்கொண்டபோது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கடை மூடும் நேரத்தில் மருமகள் மறுபடி வந்தாள். போதகர் அறையைக் காலி பண்ணச் சொல்லவில்லையாம், யோசிக்கிறாராம். யோசிக்கட்டும், அவருக்கு வேறு என்ன வேலை.

"மாமா, கடைச் சாவி ஒண்ணு இவர்கிட்ட குடுங்களேன். காலையில இவரே திறக்கட்டும்."

"முடியாது."

"அப்போ நான் நாளைக்கு வரவா, வேண்டாமா முதலாளி?" என்றான் பூனை.

"வராம எங்க போவே? நான் வந்து திறக்கிற வரைக்கும் தெருவுல நில்லு."

மருமகள் சிரித்தாள்.

"சிரிக்காத. எனக்குக் கண்ணு தெரியல, அதுக்காக வெச்சிருக்கேன். வராந்தாவுல படுக்கிறதுன்னாலும் வராந்தாவோட சரி."

மேல்தட்டில் அதே பூட்டில் இன்னொன்று இருந்தது. என் அறைக் கதவுக்கென்று எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். ஷட்டரை இழுத்துப் பூட்டி, சாவிக்கொத்தை இடுப்பில் செருகி, இரண்டு பேரையும் பின்னால் விட்டுவிட்டு நடந்தேன். பை கனத்தது. பாதித் தெரு தாண்டிய பிறகுதான் உறைத்தது: இந்தப் பூட்டு எனக்கு வராது என்று சொன்னவனே ஒரு திருடன்தானே, அதை எப்படி நம்புவது? திரும்பிப் பார்க்காமல் நடையை எட்டிப் போட்டேன்.