நீலப் பையில் வந்த கால்

லத்தீபுக்குக் கால் ஏறவில்லை.

காலையில் வழுக்கிக்கொண்டு ஏறிய செயற்கைக் கால், இப்போது பாதி வழியிலேயே இறுகி நின்றது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மறுபடி அழுத்திப் பார்த்தான். ம்ஹூம்.

"வெயிலுக்கு வீங்கியிருக்கும்," என்றாள் மனைவி றைஸா.

"இல்ல புள்ள. இது என்ட கால் இல்ல."

றைஸா சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "பள்ளில செருப்பு மாறிப் போனா விளங்கும். கால் மாறிப் போனத இப்பதான் கேள்விப்படுறன்."

நடந்தது இதுதான். லத்தீபின் காலில் மாட்டிய சப்பாத்தில் எப்போதும் வெங்காயத் தோட்டத்து மண் ஒட்டியிருக்கும். அதோடு பள்ளிவாசலுக்குள் போக அவனுக்கு மனம் வராது. வெள்ளிக்கிழமைகளில் வாசலிலேயே காலைக் கழற்றி, முன்னாள் படைவீரர் நிலையம் கொடுத்த நீலப் பைக்குள் வைத்து, செருப்புத் தட்டுக்குப் பக்கத்து ஆணியில் தொங்கவிடுவான். ஊன்றுகோலோடு உள்ளே போய்க் கதிரையில் இருந்து தொழுவான். இன்று கூட்டம் கலைந்த பிறகு வந்து பார்த்தபோது ஆணியில் ஒரு நீலப் பைதான் இருந்தது. செயற்கைக் கால் உரசி வந்த புண்ணில் எரிச்சல். பையைத் திறக்காமலேயே த்ரீவீலில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டான்.

கற்பிட்டியில் அந்தப் பை வைத்திருப்பவன் தான் ஒருவன் மட்டும்தான் என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தான்.

வேறொரு நாளாக இருந்தால் சிரித்துவிட்டுப் படுத்திருப்பான். நாளைக் காலை ஐஸ் கொம்பனி ஒன்றில் நேர்முகம். கேட் காவலாளி வேலை. நிலையத்துப் பவுலினா மிஸ் சிலாபத்திலிருந்து போன் போட்டுச் சொல்லியிருந்தாள்: "கேட்ல இருந்து ஒபிஸ் வரைக்கும் நடந்து காட்டச் சொல்லுவாங்க லத்தீப். ஒரு ஆளத்தான் எடுப்பாங்க." வெங்காயப் பாத்தியில் இனி முழங்காலிடக் கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இந்த வேலையும் கிடைக்காவிட்டால் வேறு வழியில்லை.

லத்தீப் அந்நியக் காலை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கோபம் போன இடம் தெரியவில்லை. யாருடைய கால் இது?

மூக்கருகே கொண்டுபோனான். கருவாட்டு வாடை. சப்பாத்து நாடாவின் துளையில் மீன் செதில் ஒன்று மினுங்கியது.

"கருவாட்டு வாடிக்காரன்," என்றான்.

உள்ளே விரலை விட்டான். முன்னெலும்பு உரசும் இடத்தில் பழைய சீருடைத் துணியை மூன்றாக மடித்து ஒட்டியிருந்தது. லத்தீபும் அப்படித்தான் வைத்திருந்தான், அதே இடத்தில்.

"இவனுக்கும் அங்கதான் நோகுது," என்றான் மெதுவாக. தன் நோவுக்கு ஒரு பங்காளி இருப்பதை அவன் அதுவரை யோசித்ததே இல்லை.

றைஸா சப்பாத்தை வாங்கிப் பார்த்தாள். "கருவாடு காயப்போடுறவர் சப்பாத்துக்கு ஏன் பொலிஷ் போட்டிருக்கார்? குதியும் புதுசா அடிச்சிருக்கு."

லத்தீப் கணுக்காலை அசைத்தான். டொக், டொக். போல்ட் தளர்ந்திருந்தது.

அந்தி சாய்வதற்குள் த்ரீவீலில் கடற்கரைக்குப் போய், கருவாடு காய்கிற வாடிகளின் பக்கம் விசாரித்தான். முதல் வாடியிலேயே சொல்லிவிட்டார்கள். "கால் இல்லாத ஜபாரா? அந்தா, கடைசி வாடி."

தென்னோலைப் பந்தலின் கீழே ஒரு மனிதன் லத்தீபின் காலை மடியில் கிடத்திக்கொண்டு இருந்தான். ஊன்றுகோலையும் நீலப் பையையும் கண்டதும் நிமிர்ந்து பார்த்தான்.

"வெங்காயத் தோட்டமா நானா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டான்.

"எப்பிடித் தெரியும்?"

"சப்பாத்துல சிவப்பு மண், பைக்குள்ள வெங்காயச் சருகு. இண்டைக்கு ராவே தோட்டம் தோட்டமாத் தேடுவம் எண்டு இருந்தன். நான் எங்கட ஊர்ப் பள்ளிலதான் தொழுறது. இண்டைக்குச் சப்பாத்துக் குதி அடிக்க டவுனுக்கு வந்தன். பிந்திப் போய், காலக் கழட்டிப் பையோட ஆணில மாட்டி, முற்றத்துல தொழுதிட்டு, சிநேகிதன்ட மோட்டர் சைக்கிள்ல அவசரமா ஏறினன். கையில அம்பிட்டது உங்கட பை."

"கால் இல்லாதவனுக்கு அவ்வளவு அவசரமா?"

"ஓட ஏலாதவன்தான் முந்திக் கிளம்போணும் நானா."

இருவரும் சிரித்தார்கள். கால்கள் கை மாறின. லத்தீப் தன்னுடையதை மாட்டினான். அறுந்து போகிற நிலையில் இருந்த பட்டி, வலை நூலால் இறுக்கித் தைக்கப்பட்டிருந்தது.

"இது நீங்களா?"

"கண்டன், தைச்சன். ஊசி கையோட இருந்திச்சி."

லத்தீப் அந்தத் தையலைத் தடவிப் பார்த்தான். றைஸாவின் கேள்வி நினைவுக்கு வந்தது.

"சப்பாத்துக்கு என்ன புதுப் பொலிஷ்?"

"நாளைக்கு ஒரு வேலைக்குப் போறன். பவுலினா மிஸ் சொன்னது. ஐஸ் கொம்பனில கேட்."

லத்தீப் பட்டியிலிருந்து கையை எடுத்தான். "நானும் அதுக்குத்தான்."

ஜபாரின் முகத்தில் சிரிப்பு பாதியில் நின்றது. "ஒரு ஆள்தானே எடுப்பாங்க?"

"ஓம்."

 லத்தீப் ஸலாம் சொல்லிவிட்டு த்ரீவீலை நோக்கி நடந்தான். பட்டி கச்சிதமாகப் பிடித்தது. எரிச்சல்கூடக் குறைந்த மாதிரி இருந்தது. ஆனால் காதுக்குள் ஒரு சத்தம் விடவே இல்லை. டொக், டொக். கேட்டிலிருந்து ஒபிஸ் வரைக்கும் அந்தக் கணுக்கால் தாங்காது. ஜபார் பாதி வழியில் விழுவான். வேலை தனக்கு.

த்ரீவீலுக்குள் ஒரு காலை வைத்தவன் இறங்கித் திரும்பி நடந்தான்.

"ஜபார், வாடில ஸ்பானர் இருக்கா?"

"என்னத்துக்கு?"

"உங்கட காலக் கழட்டித் தாங்க. போல்ட் ஆடுது."

 ஜபார் காலைக் கழற்றி நீட்டினான். "நாளைக்கு இந்தக் கால் உங்களவிட நல்லா நடந்தா?"

"நடக்கட்டும். இறுக்கமா இருக்குதா எண்டு பாருங்க," என்றான் லத்தீப், மணலில் உட்கார்ந்து போல்ட்டைத் திருகிக்கொண்டே. "விடிய ஏழு மணிக்கு இந்த த்ரீவீல்லயே வாறன். ரெடியா இருங்க."