கருவாடு காயாத வெயில்

டாக்டரம்மா ஈரத்துணியை மெல்லப் பிரித்தபோது மாயவன் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். திருக்கை முள் ஏறிய காலைத் தன் கையாலேயே கீறி விஷம் எடுத்த மனுஷன்தான். மகள் கையை மட்டும் அவரால் பார்க்க முடியவில்லை. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கொப்புளம், உடைந்த இடமெல்லாம் சிவந்து நீர் கோத்திருந்தது.

சங்கவிக்கு அந்த இடத்தில் இரண்டு வருஷமாக வெள்ளை. தேமல் என்றுதான் குப்பத்தில் சொல்லி வைத்திருந்தார்கள். வரும் வெள்ளிக்கிழமை கூனிமேட்டிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். அவர்களிடம் அதைக்கூடச் சொல்லவில்லை. அதற்குள் சரியாகிவிடும் என்று ஒரு நப்பாசை. தடவ மருந்து கொடுத்தபோதே டாக்டரம்மா படித்துப் படித்துச் சொன்னார். தடவிக்கொண்டு ஐந்து நிமிஷம் வெயிலில் நிற்க வேண்டும், உடனே சோப்புப் போட்டுக் கழுவி அன்று முழுக்கத் துணியால் மூடிவைக்க வேண்டும். வெயிலில் கண்ணுக்குத் தெரியாத, தோலுக்குச் சூடும் தெரியாத ஒரு கதிர் இருக்கிறதாம். மருந்து பட்ட தோல் அதைப் பல மடங்கு இழுத்துக்கொள்ளுமாம். மாயவன் தலையாட்டினார். பல் முளைத்த நாளாகக் கட்டுமரத்தில் வெற்றுடம்போடு கிடந்தவனுக்கு வெயிலைப் பற்றிப் பாடம் எடுக்கிறார்களே என்று உள்ளுக்குள் ஒரு சிரிப்பும் வந்தது.

திங்கட்கிழமை வானம் மப்பும் மந்தாரமுமாக இருந்தது. மணலில் நின்றபடி சங்கவி போதுமா என்று கேட்டாள். மாயவன் வலையிலிருந்து தலை தூக்கி வானத்தைப் பார்த்தார்.

"கருவாடே காயாதும்மா இந்த வெயில்ல. இன்னும் கொஞ்ச நேரம் நில்லு."

நின்றாள். அவர் வலையின் கிழிசலையெல்லாம் தைத்து முடிக்கும்வரை நின்றாள். சாயங்காலம் கை சிவந்திருந்ததைப் பார்த்து, மருந்து வேலை செய்கிறது என்று அவர் சந்தோஷம் வேறு பட்டார். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால்தான் இப்போது உடம்பு கூசியது.

மேகம் சூட்டைத்தான் தடுக்கும், அந்தக் கதிரை அவ்வளவாகத் தடுக்காது, மணலும் தன் பங்குக்கு மேலே திருப்பி அடிக்கும் என்றார் டாக்டரம்மா. குரலில் கோபத்தைவிட அலுப்புதான் இருந்தது. யார் இவ்வளவு நேரம் நிற்கச் சொன்னது என்று கேட்டார்.

"யாரும் சொல்லலீங்க. நானேதான் நின்னேன்" என்றாள் சங்கவி. அப்பா பக்கம் திரும்பவே இல்லை.

மாயவன் மறுபடியும் காலண்டரைப் பார்த்தார். புண் ஆறும்வரை மருந்தை நிறுத்தச் சொன்னார் டாக்டரம்மா. வெந்த இடத்தில் வெள்ளை பரவினாலும் பரவலாம், இப்போது எதுவும் சொல்வதற்கில்லை என்றார்.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு இருவரும் நடந்தே வந்தார்கள். அங்கே வந்ததும், வெள்ளிக்கிழமை முழுக்கை ஜாக்கெட் போட்டுக்கொள்கிறேன், ஒன்றும் தெரியாது என்று அவளாகவே சொன்னாள். குரலில் மனக்குறையே இல்லை. அதுதான் அவரைக் கொன்றது. அவளைச் சுவரோரம் நிழலில் நிற்கச் சொல்லிவிட்டு எஸ்.டி.டி. பூத்துக்குள் நுழைந்தார். மாப்பிள்ளையின் அப்பா வேங்கடேசனுக்கு ஐஸ் வியாபாரம், வீட்டிலேயே போன் உண்டு.

"மாயவன் பேசறேங்க. பொண்ணுக்குக் கையில வெள்ள இருக்குது, ரெண்டு வருசமா. மறைச்சிக் கட்டிக்குடுத்துடலாம்னு இருந்தேன். இப்ப நானே அவள வெயில்ல நிக்கவெச்சிக் கையப் பொசுக்கிட்டேன். இதெல்லாம் தெரிஞ்சிக்கினு வர்றதுன்னா வாங்க."

வேங்கடேசன், "இருங்க, வீட்ல கேட்டுக்கினு வர்றேன்" என்றார்.

ரிசீவரை மேஜைமேல் வைக்கும் சத்தம் கேட்டது. தூரத்தில் யாரோ ஐஸ் கட்டியை உடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண்குரல் என்னவோ கேட்டது, வேங்கடேசன் என்னவோ சொன்னார், உடைக்கிற சத்தம் நின்றது. மாயவன் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு கண்ணாடி வழியே வெளியே பார்த்தார். உச்சிப்பொழுது நெருங்கிவிட்டது. சுவரோரத்து நிழல் ஒரு முழம்கூட இல்லை. சங்கவி கட்டுப்போட்ட கையை வயிற்றோடு அணைத்தபடி சுவரில் முதுகை ஒட்டி நின்று, பாதங்களை இன்னும் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டாள்.