இடது தொடை

சலவைக்கூடத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எக்ஸ்பிரஸ் என்றுதான். மருத்துவமனைகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் மூட்டை மூட்டையாய் வரும் விரிப்புகளைத் துவைத்துக் கொடுக்கும் இடம் அது. துவைத்ததை இயந்திரத்திலிருந்து அள்ளித் தள்ளுவண்டியில் போட்டு, உலர்த்தும் அறைக்குக் கொண்டுபோவது அவர் வேலை. ஈரத் துணியின் கனத்தில் மற்றவர்கள் முக்கி முனகித் தள்ளுகிற வண்டியை அவர் விசிலடித்தபடி தள்ளுவார். விடியற்காலையில் ஆற்றோரச் சாலையில் ஓடிவிட்டு வேலைக்கு வருகிற மனிதர். நாற்பதைத் தாண்டியும் தொப்பை எட்டிப் பார்க்கவில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை. கொஞ்சம் என்ன, நிறையவே.

அப்படிப்பட்டவருக்கு வலது காலில் வந்தது வினை. பெருவிரல் மெல்ல மெல்லப் பக்கத்து விரல் மேல் சாய்ந்துகொண்டே போக, அதன் அடிமூட்டு பக்கவாட்டில் புடைத்துக்கொண்டு நின்றது. முதலில் ஷூக்கடி என்று நினைத்தார். பிறகு, ஷூவுக்குள் சுட்ட கூழாங்கல்லை வைத்துத் தைத்ததுபோல ஒவ்வொரு எட்டுக்கும் எரிந்தது. யாரிடமும் சொல்லாமல், பக்கத்துத் தெரு டாக்டரம்மாவிடம் போய்க் காட்டினார்.

டாக்டரம்மா விரலை ஆட்டிப் பார்த்துவிட்டு, "பனியன்" என்றார்.

எக்ஸ்பிரஸ் சட்டைக் காலரைக் குனிந்து பார்த்துக்கொண்டார். "போட்டிருக்கேன் டாக்டர். கழட்டணுமா?"

டாக்டரம்மா சிரித்தே விட்டார். "ஐயோ, அது இல்லைங்க. இந்தப் புடைப்புக்கே இங்கிலீஷ்ல அதுதான் பேரு. பொதுவா பொம்பளைங்களுக்குத்தான் அதிகமா வரும். உங்க குடும்பத்துல யாருக்காவது இருந்திருக்கும்."

"ஓடலாமா?"

"ஓடலாம். ஆனா முன்பக்கம் நல்லா அகலமான ஷூ வாங்குங்க. விரலுக்கு நடுவுல இந்த ஜெல் துண்டை வெச்சுக்குங்க. வலிச்சா நிறுத்திடணும். வீம்பு பண்ணக் கூடாது."

அறிவுரை எதுவும் அவர் காதில் ஏறவில்லை. ஏறியதெல்லாம் இரண்டுதான்: பனியன், பொம்பளைங்களுக்கு. ஊர் அழுக்கெல்லாம் வந்து குவிகிற சலவைக்கூடத்தில் அந்தச் சொல் ஒருதடவை விழுந்தால் போதும். எக்ஸ்பிரஸ் அன்றோடு ஒழிந்தான், சாகும்வரை பனியன்தான். ஜெல் துண்டை அலமாரியில் பழைய சாவிகளுக்குப் பின்னால் தள்ளி வைத்தார். வீட்டுக்குள்ளேயே காலுறை போட்டுக்கொண்டு நடக்கத் தொடங்கினார். மனைவி ஒருநாள், "வீட்டுக்குள்ள எதுக்குங்க சாக்ஸு?" என்று கேட்டதற்கு, "தரை சில்லுனு இருக்கு" என்றார். அவள் அவர் காலையும் பார்த்தாள், முகத்தையும் பார்த்தாள். பிறகு தன் வேலையைப் பார்க்கப் போனாள்.

வருஷா வருஷம் தொழிற்கூடங்களுக்கு இடையே ஆற்றோரச் சாலையில் தொடரோட்டம் நடக்கும். ஒருவர் ஓடி அடுத்தவர் கையில் குச்சியைக் கொடுக்க வேண்டும். கடைசி ஓட்டம் எப்போதும் எக்ஸ்பிரஸுக்கு. இந்த வருஷம் அணியில் ஒரு ஆள் குறைந்தது. வேன் ஓட்டுகிற டிரைவர் அண்ணன் எல்லோரையும் கெஞ்சிப் பார்த்துவிட்டு, கடைசியில் மடிப்பு அக்காவிடம் வந்து நின்றார். விரிப்புகளை மடிக்கும் பகுதிக்கு அவள்தான் பொறுப்பு; அவளைவிட மூத்தவர்களும் அவளை அக்கா என்றே கூப்பிடுவார்கள். பஸ்ஸைப் பிடிக்கக்கூட அவள் ஓடியதில்லை. "நானா? விழுந்து வாரினா யாரு பொறுப்பு?" என்றாள். ஆனால் மறுநாள் காலையே ஆற்றோரத்துக்கு வந்துவிட்டாள். முதல் வாரம் மூச்சு வாங்கியது. ஒரு மாதத்தில் டிரைவர் அண்ணனைத் தாண்டிப் போனாள். தாண்டும்போது அவள் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்து அண்ணன், "போச்சுடா, இனி இவளை மடிப்புல உட்கார வைக்க முடியாது" என்றார்.

முதலாளி அணியிலிருந்த நான்கு பேருக்கும் ஒரே மாதிரி ஷூ வாங்கித் தந்தார். பளபளவென்று, ஒடிசலாக, மீன் வாய்போல முன்பக்கம் கூர்ந்த ஷூ. அளவு கேட்டபோது எக்ஸ்பிரஸ் பழைய அளவையே சொன்னார்.

போட்டி அன்று மடிப்பு அக்கா மூன்றாவதாக ஓடினாள். குச்சி அவள் கைக்கு வரும்போது முன்னால் இரண்டு அணிகள். அவள் குச்சியை எக்ஸ்பிரஸ் கையில் திணிக்கும்போது முன்னால் யாருமே இல்லை. "போங்க தம்பி, போங்க!" என்று அவள் கத்திய கத்தலில் அவருக்கே புல்லரித்தது. பறந்தார். பாலம்வரைக்கும்தான் அந்தப் பறத்தல். பாலத்து இறக்கத்தில் ஷூவுக்குள் கால் முன்னால் சறுக்கி, முழு உடம்பும் அந்த மூட்டின்மேல் போய் மோதியது. கண்ணில் பூச்சி பறந்தது. இரண்டு எட்டு நொண்டினார். நின்றார். பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராய் அவரைத் தாண்டிப் போனார்கள்.

சாலையோரத்தில் உட்கார்ந்தவரைச் சுற்றிக் கூட்டம் கூடியது. "என்னாச்சு, எங்க வலிக்குது?" என்று யாரோ கேட்டார்கள். காலைக் காட்டினால் ஷூவைக் கழற்றுவார்கள்; காலுறையையும் கழற்றுவார்கள். அவர் கை தானாகத் தொடையைப் பிடித்துக்கொண்டது.

"தொடை பிடிச்சுக்கிச்சு" என்றார்.

அவசரத்தில் அவர் பிடித்தது இடது தொடையை.

மூச்சிரைக்க ஓடிவந்த மடிப்பு அக்கா முட்டி போட்டு உட்கார்ந்து, ஐஸ் பையை அந்தத் தொடையில் வைத்து அழுத்தினாள். அவள் கண் கலங்கியிருந்தது. "என்னாலதான் தம்பி. குச்சியை நான் ஒழுங்கா நீட்டலை. அதை வாங்கறதுக்கு நீங்க உடம்பைத் திருப்பினீங்க பாருங்க, அப்பவே இழுத்திருக்கும்."

குச்சி அவ்வளவு அழகாகக் கைக்கு வந்திருந்தது. எக்ஸ்பிரஸுக்கு அது தெரியும். வாயைத் திறந்தார். சுற்றிலும் தலைகள், வேறு அணிக்காரர்கள், கேமராவோடு ஒருவன்.

"பரவாயில்ல விடுங்கக்கா" என்றார். "புதுசுதானே நீங்க."

அந்த நிமிஷமே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது. செய்யாத தப்புக்கு ஒருத்தியை மன்னித்திருந்தார்.

பிறகு எல்லாம் அவரைக் கேட்காமலே நடந்தன. டிரைவர் அண்ணன் துணி மூட்டைகளுக்கு நடுவே அவரைப் படுக்கவைத்து வேனிலேயே வீட்டில் இறக்கினார். மறுநாள் சலவைக்கூடத்திலிருந்து மூன்று பேர் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார்கள். அவர்களை வழியனுப்ப எழுந்த எக்ஸ்பிரஸ் வலது காலை ஊன்ற முடியாமல் நொண்டினார். பாதி தூரத்தில் நினைவு வந்து இடது காலுக்கு மாற்றினார்.

கதவைச் சாத்தியதும் மனைவி சொன்னாள்: "முதல்ல எந்தக் காலுன்னு முடிவு பண்ணிக்கோங்க. எனக்கே குழப்பமா இருக்கு."

"உனக்குத் தெரியுமா?"

"தூங்கும்போது சாக்ஸை நீங்களே உதறிடறீங்களே. தெரியாம என்ன. நீங்களா சொல்லுவீங்கன்னு பார்த்தேன்."

அவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

வேலைக்குத் திரும்பியபோது அவருடைய தள்ளுவண்டியை மடிப்பு அக்கா தள்ளிக்கொண்டிருந்தாள். மடிப்பு வேலையையும் முடித்துவிட்டு, இதையும் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். "நீங்க உட்காருங்க தம்பி, தொடைக்கு ஆகாது" என்றாள். மறுபடி குனிந்து வண்டியைத் தள்ளினாள். அப்போதே சொல்லியிருக்கலாம். உலர்த்தும் அறையின் சூட்டில், இயந்திரங்களின் இரைச்சலில், வேறு யார் காதிலும் விழுந்திருக்காது. "இப்போ பரவாயில்ல" என்று மட்டும் முனகிவிட்டு, அவளுடைய மேஜையில் உட்கார்ந்து தலையணை உறைகளை மடித்தார். கோணல்மாணலாக மடித்தார்.

அந்த வாரக் கடைசியில், தேநீர் இடைவேளையில், டிரைவர் அண்ணன் எக்ஸ்பிரஸிடம் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "அக்கா ஓட வர்றதை நிறுத்திடுச்சுப்பா. ஷூவை முதலாளிகிட்டயே திருப்பிக் குடுத்திருச்சாம். 'எனக்கு எதுக்கு இந்த ஆசையெல்லாம், ஒருத்தர் காலைக் கெடுத்ததுதான் மிச்சம்'னு சொல்லுச்சு."

எக்ஸ்பிரஸ் பாதித் தேநீரைக் கீழே வைத்தார். ஆற்றோரத்தில் அதிகாலையில் அவள் முகத்தில் பார்த்த அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்தது. அதைத் திருடியது தான்தான் என்பது அவருக்கு உறைத்தது.

இடைவேளை முடிவதற்குள், அக்கா உட்பட எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போதே, ஒரு காலிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். வலது ஷூவைக் கழற்றினார். காலுறையை உருவினார். சிவந்து புடைத்த மூட்டும் சாய்ந்த விரலும் வெளிச்சத்துக்கு வந்தன. உடம்பு முழுக்கத் துணியில்லாமல் நிற்பதுபோலக் கூசியது.

"அன்னைக்கு வலிச்சது இது" என்றார். "தொடையில ஒண்ணும் இல்ல. அக்கா குச்சியைச் சரியாத்தான் குடுத்தாங்க."

டிரைவர் அண்ணன் குனிந்து பார்த்து, "என்னடா இது, தனியா ஒரு முழங்கை முளைச்சிருக்கு?" என்றார்.

"பனியன்னு பேரு."

அவர் பயந்தபடியே நடந்தது. கூரையைப் பிய்த்துக்கொண்டு போகிற சிரிப்பு. "துவைச்சுப் போட்டாச் சுருங்கிடுமா?" என்று ஒருவன் கேட்டான். எக்ஸ்பிரஸ் அதையெல்லாம் தாங்கிக்கொண்டார். நினைத்ததைவிட எளிதாகவே தாங்க முடிந்தது. சிரிக்காமல் இருந்தது ஒருத்திதான்.

"அப்போ, 'பரவாயில்ல விடுங்க'ன்னு சொன்னீங்களே தம்பி" என்றாள் மடிப்பு அக்கா. "அது என்னது?"

சிரிப்பு அடங்கிவிட்டது. எக்ஸ்பிரஸ் கூடையிலிருந்து எழுந்தார். "தப்புக்கா. பெரிய தப்பு. மன்னிச்சிருங்க."

"வாரம் பூரா எனக்குத் தூக்கம் இல்ல" என்றாள். எழுந்து போய், அவர் மடித்து வைத்திருந்த தலையணை உறைகளையெல்லாம் பிரித்து மறுபடி மடிக்கத் தொடங்கினாள்.

அதன் பிறகு பல நாள் அவள் அவரோடு வேலைப் பேச்சு மட்டும்தான் பேசினாள். எக்ஸ்பிரஸ் படகுபோல அகன்ற ஷூ ஒன்றை வாங்கினார். ஜெல் துண்டைத் தேடி எடுத்து விரலிடுக்கில் வைத்தார். டாக்டரம்மா சொன்னபடி மெதுவாக, நடையும் ஓட்டமுமாகத் தொடங்கினார். முதலாளியிடம் தானே போய், ஷூவை அக்காவுக்கே திரும்பக் கொடுக்கும்படியும், கடைசி ஓட்டத்தை இனி அவளுக்கே விடும்படியும் கேட்டுக்கொண்டார். முதலாளி ஷூவைக் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாளே தவிர, ஆற்றோரப் பக்கம் தலைகாட்டவில்லை.

மழை விட்ட ஒரு காலையில் வந்தாள். டிரைவர் அண்ணனுக்கு ஒரு தலையசைப்பு. எக்ஸ்பிரஸுக்கு அதில் பாதி. மூவரும் கிளம்பினார்கள். கொஞ்ச தூரத்திலேயே மூட்டு முனகத் தொடங்க, எக்ஸ்பிரஸ் ஓரமாக உட்கார்ந்து ஷூ கயிற்றைத் தளர்த்தினார். அண்ணன் நின்றார். அக்கா நிற்கவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கூப்பிடட்டுமா?" என்றார் அண்ணன்.

"வேணாம்ணே. போகட்டும்" என்றார் எக்ஸ்பிரஸ். ஈரச் சாலையில் அவள் சிறிதாகிக்கொண்டே போவதைப் பார்த்தபடி, இன்னொரு துளைக்குக் கயிற்றை மாற்றிக் கட்டினார்.