வேரடித் தரகர்கள்

கீழமாசி வீதியில் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்த விருமாண்டி, வாங்க வந்தவரிடம் முடியாது என்று சொன்னதே கிடையாது. சரக்கு இல்லாவிட்டால், நாளைக்கு வண்டி வருது என்பார். விலை கட்டாவிட்டால், உங்களுக்கு இல்லாததா, பார்ப்போம் என்று சிரிப்பார். முடியாது என்றால் வந்தவன் காலை அடுத்த கடைப்பக்கம் நாமே திருப்பிவிட்ட மாதிரி. அப்படிப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூச்சு விடாமல் முடியாது என்றார். அதில்தான் மாட்டிக்கொண்டார்.

அவர் கடைக்குப் பெயர் வாங்கித் தந்தது நன்னாரி. அவனியாபுரத்துக்கு வெளியே கிணற்றோடு கூடிய சின்னத் தோட்டத்தில் போட்டிருந்தார். சர்பத்துக்காக அந்த வேரை ஊறப்போட்ட பானையைத் திறந்தால் வாசனை மூன்று கடை தாண்டிப் போகும். எதிர்க்கடை வெள்ளைத்துரை ராத்திரியோடு ராத்திரியாக நாலு செடியைப் பிடுங்கி, வேரைப் பளிச்சென்று கழுவித் தன் தோட்டத்தில் நட்டுப் பார்த்தார். செடி வந்தது, வாசனை வரவில்லை. விருமாண்டி மந்திரம் போட்டிருக்கிறார் என்று வீதியில் சொன்னார். விருமாண்டி மறுக்கவில்லை. காசில்லாமல் கிடைக்கும் விளம்பரத்தை எவன் மறுப்பான்?

மந்திரம் இல்லை. தோட்டத்தின் வடகிழக்கு மூலையில் அவர் மகள் ஒச்சம்மாள் கிடந்தாள்.

நாலு வருஷத்துக்கு முன்னால், காலரா வந்த கோடையில், ஒரே பகலில் போய்விட்டாள். ஆறு வயது. பொதுக் குழியில் பத்தோடு பதினொன்றாகப் போட்டுச் சுண்ணாம்பைக் கொட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, பாயில் சுற்றித் தோட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார். பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும் என்பது வழக்கம். அவர் மனைவி செல்லத்தாயும் நின்றுவிட்டாள். எங்கே வைத்தீர்கள் என்று கேட்டதற்கு, வெளியே தெரிந்தால் வம்பு என்று, தத்தனேரி மயானத்தில் என்றார். இரண்டு நாளைக்கென்று சொன்ன பொய். திருத்துவதற்கு நல்ல நாள் கிடைக்கவே இல்லை. அமாவாசைக்கு அமாவாசை அவள் ஒரு சொம்புப் பால் கொடுத்தனுப்புவாள். தத்தனேரிப் பக்கமாகக் கிளம்பி, தெரு திரும்பியதும் தெற்கே நடந்து, தோட்டத்து மூலையில் ஊற்றிவிட்டு வருவார். அந்த மூலைச் செடியைத் தொட வேண்டாம் என்று கூலியாட்களிடம் சொல்லவும் முடியவில்லை. ஏன் என்பார்களே. எல்லா வேரோடும் அதுவும் கலந்தது.

மந்திரப் பேச்சு வீதியில் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் பட்டாபிராமன் வந்தார். கல்லூரியில் தாவர சாஸ்திரம் சொல்லிக் கொடுப்பவர். வாசனை ஏன் தோட்டம் மாறி வரவில்லை என்று கண்டுபிடிக்க, வேரடி மண்ணைப் பொட்டலம் கட்டிக்கொண்டு போனார். பிறகு விருமாண்டியைக் கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில் காட்டினார். மிளகில் கலப்படம் பார்க்கிற மாதிரி ஒற்றைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார் விருமாண்டி. அழகர் ஆற்றில் இறங்குகிற அன்றைக்குக்கூட அப்படிக் கூட்டம் இராது. நெளிந்தது, உருண்டது, சும்மா இருந்தும் நடுங்கியது.

மண்ணில் விழுவதை இந்த நுண்ணுயிர்கள் மக்கவைத்து வேருக்குக் கொடுக்கின்றன, வேர் பதிலுக்குத் தன் சாற்றில் கொஞ்சம் கசியவிடுகிறது, வேரைக் கழுவியவன் இவற்றையும் கழுவிவிட்டான் என்று விளக்கினார் பட்டாபிராமன்.

“அப்ப தரகருங்கன்னு சொல்லுங்க சாமி” என்றார் விருமாண்டி.

பட்டாபிராமனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இனி வகுப்பில் அப்படியே சொல்லப் போவதாகச் சொன்னார்.

“எதை வாங்கி விக்கிறாங்க?”

“எது விழுந்தாலும்தான். இலை, சாணி, செத்த பூச்சி. ஒண்ணையும் விடமாட்டா ஓய், எலும்பு வரைக்கும்.”

அன்றிலிருந்து விருமாண்டிக்குக் கடை கடையாக இல்லை. பானையைத் திறந்தால் வாசனை எழுந்து அவர் இடுப்பளவுக்கு வந்து அங்கேயே நிற்பதுபோல இருந்தது. ஆறு வயதுப் பிள்ளையின் உயரம். சர்பத் குடிப்பவன் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்க்க முடியாமல் தராசைத் துடைத்தார். வீட்டில் செல்லத்தாய் மத்தியானம் தவறாமல் ஒரு டம்ளர் குடிப்பாள். இதைக் குடித்தால்தான் நெஞ்சு அடங்குகிறது என்பாள். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார். அவளுக்குத் தெரிந்தால் உயிரை வைத்திருப்பாளா என்பது ஒன்றுதான் அவருக்குப் பயம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பட்டாபிராமன் வீட்டுக்கே வந்துவிட்டார். முகமெல்லாம் சந்தோஷம். தோட்டத்து நாலு மூலை மண்ணையும் காய்ச்சிய பாலில் போட்டு வைத்தாராம். மூன்று நாறிப்போயின. வடகிழக்கு மூலை மண் போட்டது மட்டும் தயிராகத் தோய்ந்ததாம்.

“அங்கே யாரோ வருஷக்கணக்கா பால் ஊத்தறா. ஆள் விட்டு ரெண்டடி தோண்டிப் பார்க்கலாமா?”

“முடியாது.”

வாசல்நடையில் செல்லத்தாய் மோர்ச் செம்போடு நின்றிருந்தாள். பட்டாபிராமன் முகம் விழுந்து, இன்னொரு நாள் வருவதாகச் சொல்லி எழுந்தார். அவர் போகும்வரை அவள் அசையவில்லை.

“நீங்க ஒருத்தர்ட்ட முடியாதுன்னு சொல்லி நான் கேட்டதில்ல” என்றாள். “தத்தனேரியில ஊத்துற பாலு அவனியாபுரத்துல எப்படித் தோயும்?”

விருமாண்டி அவள் கையிலிருந்த செம்பை வாங்கிக் கீழே வைத்தார். பிறகு பாயிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார். தரகர்களையும் சொன்னார். அவள் அழவில்லை. கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள்.

“ஊருல எம்புட்டுப் பேருக்கு ஊத்திக் குடுத்தீங்க?”

தெரியாது என்றார்.

மறுநாள் விடிந்ததும் பானையைச் சாக்கடையில் கவிழ்க்கத் தூக்கினார். பின்னாலிருந்து ஒரு கை விளிம்பைப் பிடித்தது. வீதிப் பக்கமே வராதவள் வந்திருந்தாள்.

“ஊத்துங்க. கேக்குறாகள்ல.”

நிலாவரை இலை மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டாள். குடித்த ஒவ்வொரு முகத்தையும் பார்த்தாள். வக்கீல் குமாஸ்தா, பூக்காரி, கோயிலுக்கு வந்த வெளியூர்க்காரர்கள். செருப்பைப் பார்த்தே ஆளின் மடியில் உள்ள கனத்தைச் சொல்லிவிடும் விருமாண்டியால் அந்தப் பார்வையை மட்டும் எடைபோட முடியவில்லை.

உச்சிப்பொழுதில் மருது என்ற சுமைகூலி வந்தான். அறுபது வயது. ஒரே மடக்கில் குடித்துவிட்டு, மூட்டையைத் தலைக்கு ஏற்றக் குனிந்தான்.

“வெயில்ல அலையாத” என்றாள் செல்லத்தாய். “இங்கன வந்து உக்காரு.”

விருமாண்டி நாலு வருஷமாகக் கேட்காத, ஆறு வயதுப் பிள்ளையை அதட்டுகிற குரல். மருது திகைத்து விருமாண்டியைப் பார்த்தான். பிறகு வந்து, அவள் காலடி நிழலில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

விருமாண்டி டம்ளரைக் கழுவினார். இன்னும் நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.