ஒட்டின விரல்

வியாழக்கிழமை மத்தியானம் உருளைக்கிழங்கு மசிச்சுக்கிட்டு இருந்தப்போ ஃபோன் வந்துச்சு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் என் பொண்ணு நெட்ராவுக்குக் கல்யாணமாம். பதினாறு வயசு அவளுக்கு. எங்க ஊர்ல மூணு நாள் முன்னாடி சொல்றதே பெரிசு, எனக்கெல்லாம் ரெண்டு மணி நேரம்தான் குடுத்தாங்க. மாப்பிள்ளையைப் பொண்ணும் பார்க்கிறதில்ல, பெத்தவங்களும் பார்க்கிறதில்ல. கர்த்தர் தீர்க்கதரிசி காதுல சொல்வாராம், தீர்க்கதரிசி மூப்பர்கிட்ட சொல்வாராம், மூப்பர் ஃபோன்ல சொல்வார். நாங்க வெள்ளைத் துணியை எடுத்து வெச்சுத் தைக்க உட்காரணும்.

என் வீட்டுக்காரர் வெர்டன் ஃபோனை வெச்சுட்டு மேஜைக்கு வந்தார். நாலு பொண்டாட்டி, இருபத்திரெண்டு பிள்ளைங்க, எல்லார் முன்னாடியும் மாப்பிள்ளை பேரைச் சொன்னார். லோர்ன் விட்டி.

என் கையில இருந்த மசிக்கிற கட்டை கீழ விழுந்துச்சு. லோர்ன் விட்டி என் பொண்ணுக்கு அண்ணன்.

இதைக் கேட்டா வெளியூர்க்காரங்களுக்குத் தலை சுத்தும். நான் பதினேழு வயசுல ஆல்டன் ப்ரூயிட்டுக்கு மூணாவது பொண்டாட்டியாப் போனவ. தச்சு வேலை செய்வார், சட்டையில எப்பவும் மரத்தூள். அவரோட மூத்த மகளை, பதினஞ்சு வயசுப் பிள்ளையை, அறுபது வயசுக்காரருக்குக் குடுக்கச் சொன்னப்போ அந்த மனுஷன் "ஏன்?"னு ஒரு வார்த்தை கேட்டார். அவ்வளவுதான். மறுநாள் காலையில வீட்டு வாசல்ல மூணு வண்டி. ஆல்டன் துரோகியாம், ஊரை விட்டுப் போகணுமாம். அவரோட மூணு பொண்டாட்டிங்களையும் பத்தொன்பது பிள்ளைங்களையும் மூணு ஆம்பிளைங்களுக்குப் பங்கு போட்டுக் குடுத்தாங்க, கோழிக்குஞ்சு மாதிரி. ரெண்டாவது பொண்டாட்டி டெல்மா பிள்ளைங்களோட விட்டி வீட்டுக்குப் போனா. அதுல ஒருத்தன்தான் லோர்ன், அப்போ பதினாலு வயசு. நான் மூணு வயசு நெட்ராவைத் தூக்கிக்கிட்டு வெர்டன் வீட்டுக்கு வந்தேன். ப்ரூயிட்ங்கிற குடும்பப் பேரை எடுத்துட்டாங்க, போட்டோவை எல்லாம் எரிச்சாங்க. ஆல்டன் பேரை யாரும் வாயால சொல்லக்கூடாதுன்னு உத்தரவு. நெட்ரா ஒரு மாசம் அப்பா அப்பான்னு அழுதா, அப்புறம் வெர்டனையே அப்பான்னு கூப்பிட ஆரம்பிச்சுட்டா. எப்படிப் பழக்கினாங்கன்னு என்கிட்ட கேட்காதீங்க, எனக்கு வயிறு எரியும்.

பதிமூணு வருஷமா இப்படியே பிள்ளைங்களை வீடு மாத்தி, பேர் மாத்தி, யாருக்கு யார் பிறந்ததுன்னே ஒரு கணக்கில்லாமப் பண்ணிட்டாங்க. இப்போ அண்ணனுக்கே தங்கச்சியைக் கட்டி வைக்க வந்து நிக்குறாங்க. இதுல கர்த்தர் சொன்னார்னு வேற பேச்சு.

சாப்பாடு முடிஞ்சதும் வெர்டனைக் கொல்லைப் பக்கம் கூப்பிட்டுச் சொன்னேன், லோர்ன் ஆல்டனோட பையன்னு. ஆல்டன்ங்கிற பேர் வாயை விட்டு வந்ததும் அறைஞ்சார். காது ஙொய்யுன்னுச்சு. அறைஞ்சுட்டு, சிரிச்ச முகத்தோட, "இனிமையா இரு, அர்வில்லா"ன்னார்.

இனிமையா இரு. எங்க ஊர்ல ஒவ்வொரு வீட்டு வாசக்கால் மேலயும் அந்த ரெண்டு வார்த்தை சட்டம் போட்டுத் தொங்கும். அதுல பாதி நான் துணியில ஊசியால தைச்சது, என் கையைத்தான் உடைக்கணும். புருஷன் இன்னொருத்தியைக் கூட்டிட்டு வந்தா இனிமையா இரு. சக்களத்தின்னு சொன்னாப் பாவம், அக்கான்னு கூப்பிட்டு இனிமையா இரு. நான் என்ன தேன் பாட்டிலா?

வெள்ளிக்கிழமை மூப்பர் ஃபெரனோட அறைக்குப் போனேன். தீர்க்கதரிசியை நேர்ல பார்க்க முடியாது, எதுவா இருந்தாலும் இவர்கிட்டதான் சொல்லணும். உட்காரச் சொல்லிட்டு, நான் சொன்னதை எல்லாம் கண்ணை மூடிக் கேட்டார். அவருக்கு இது புதுசும் இல்ல. ஆல்டனைத் துரத்தின அன்னைக்கு முதல் வண்டியை ஓட்டிட்டு வந்தவரே இவர்தான்.

"சகோதரி, வேற தகப்பனுக்கு முத்திரை போட்டுக் குடுத்த அன்னைக்கே அந்தப் பிள்ளைங்க ரத்தம் மாறிடுச்சு. லோர்ன் உடம்புல ஓடுறது விட்டி ரத்தம். உன் பொண்ணு உடம்புல ஓடுறது வெர்டன் ரத்தம்."

"ரத்தம் எப்படிங்க மாறும்?"

"கர்த்தரால ஆகாதது உண்டா?"

அப்புறம் அவர் ரொம்ப மெதுவா இன்னொண்ணு சொன்னார். இந்தப் பேச்சை வெளிய எடுத்தா ஆல்டன் போன வழியில நானும் போகணும், வெர்டனுக்கு நான் பெத்த எஸ்ராவும் வில்லாவும் அவரோட முதல் பொண்டாட்டி லூரீனோட பிள்ளைங்க ஆகிடுவாங்க. எஸ்ராவுக்கு ஒன்பது வயசு, வில்லாவுக்கு ஆறு. வீட்டுக்கு வந்து வெள்ளைத் துணியை வெட்டினேன். அழுதுக்கிட்டேதான் வெட்டினேன், மறைக்க என்ன இருக்கு.

சனிக்கிழமை காலையில நெட்ராவை ஸ்டூல் மேல நிக்க வெச்சு, விளிம்பு மடிக்க லூரீன் உதவிக்கு வந்தா. ஐம்பது வயசு அவளுக்கு. வாய் நிறைய குண்டூசி வெச்சிருந்தா. நெட்ரா உடையைக் கழட்டி வெச்சுட்டுத் துணி காயப் போடப் போனதும், ஊசியை எல்லாம் கையில துப்பிட்டு, "இவளுக்கு ஆல்டன் மூக்கு, இல்ல அர்வி?"ன்னா. எனக்கு அப்போதான் உறைச்சுது. முப்பது வயசு தாண்டின ஒவ்வொருத்தருக்கும் இந்த ஊர்ல தெரியும். தெரிஞ்சே விளிம்பு மடிக்கிறாங்க, தெரிஞ்சே கேக் சுடுறாங்க. அப்புறம் ஏங்க்கா வாயைத் திறக்கலன்னு கேட்டேன். தனக்கும் பதினொரு பிள்ளைங்க இருக்குன்னு சொல்லிட்டு மறுபடி ஊசியை வாயில வெச்சுக்கிட்டா.

துணி காயப் போடுற இடத்துக்கு நேராப் போய் நெட்ராகிட்ட எல்லாத்தையும் கொட்டிட்டேன்.

அவ கையில ஈரப் போர்வை. நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் அதைப் பிழிஞ்சுக்கிட்டே இருந்தா. "தீர்க்கதரிசி தப்பாச் சொல்ல மாட்டார்மா. நீதான் விசுவாசத்தை விட்டுட்டே"ன்னா.

"உன் கால்ல ரெண்டாவது விரலும் மூணாவது விரலும் ஒட்டியிருக்கே, அது யார்கிட்ட இருந்து வந்துச்சு?"

எங்க ஊர்ல பொம்பளையோ ஆம்பளையோ, கழுத்துல இருந்து கணுக்கால் வரைக்கும் மூடியிருக்கும், அதுக்குக் கீழ காலுறை. அடுத்த வீட்டுக்காரங்க பாதத்தை யாரும் பார்த்ததில்ல. தன்னோட கால் மட்டும்தான் அப்படின்னு அவ சின்ன வயசுல இருந்து வெட்கப்பட்டுக்கிட்டு இருந்தா. ஆல்டனுக்கு ரெண்டு கால்லயும் அப்படித்தான், நகம் வரைக்கும் ஒட்டியிருக்கும். பிள்ளைங்கள்ல பத்துப் பேருக்கு அதே கால். ஓடையில அவர்கூட மீன் பிடிக்க நின்ன லோர்ன் காலை நானே கண்ணால பார்த்திருக்கேன். ரத்தம் மாறியிருந்தா அந்த விரல் பிரிஞ்சிருக்கணுமே? இதைத்தான் கேட்டேன். என்கிட்ட இனிமே பேசாதேன்னு சொல்லிட்டுப் போர்வையைக் கொடியில வீசிட்டுப் போயிட்டா.

ஞாயிறு. மண்டபத்துல எண்ணூறு பேர். நெட்ரா வெள்ளை உடையில முன்வரிசை, என் பக்கம் திரும்பவே இல்ல. அந்தப் பக்கம் ஆம்பிளைங்க வரிசையில லோர்ன், குனிஞ்ச தலை. மூப்பர் ஃபெரன் பிரசங்கம் முடிச்சு, சாட்சி சொல்றவங்க எழுந்திரிக்கலாம்னார். வழக்கமா நாலு பேர் எழுந்து தீர்க்கதரிசிக்கு நன்றி சொல்லி அழுவாங்க.

நான் எழுந்தேன். நான் ஆல்டன் ப்ரூயிட்டோட பொண்டாட்டின்னு சொன்னேன். பதிமூணு வருஷம் கழிச்சு அந்த மண்டபம் அந்தப் பேரைக் கேட்டுச்சு. அப்புறம் பிறந்த வரிசைப்படி அவரோட பிள்ளைங்களைக் கூப்பிட ஆரம்பிச்சேன். லீட்டா ப்ரூயிட். ஓரின் ப்ரூயிட். மேவா ப்ரூயிட். லோர்ன் ப்ரூயிட். வெர்டன் வரிசையைத் தாண்டி ஓடி வந்து என் வாயைப் பொத்தினார். நல்லாக் கடிச்சேன். "உங்க கால் விரலைப் பாருங்கடா"ன்னு கத்தினேன். ரெண்டு பேர் என்னை இழுத்துத் தரையில தள்ளி, முதுகுல முழங்காலை வெச்சு அழுத்தினாங்க. ஒருத்தரும் அசையல. நாசமாப் போச்சு, எல்லாத்தையும் இழந்தாச்சுன்னு நினைச்சேன்.

தரையில கன்னம் அழுந்தியிருந்ததால பெஞ்சுக்கு அடியில கால்கள்தான் என் கண்ணுக்குத் தெரிஞ்சுது. முன்வரிசையில ஒரு வெள்ளை ஷூ. ஒரு கை குனிஞ்சு அதோட கயிறை அவிழ்த்துச்சு. காலுறை சுருண்டு கீழ இறங்குச்சு. எண்ணூறு பேர் முன்னாடி என் பொண்ணு வெறுங்காலோட நடந்து லோர்ன் முன்னாடி போய் நின்னா.

"உங்க காலைக் காட்டுங்க."

லோர்ன் அவ காலைப் பார்த்தான். தனக்கு எல்லாம் தெரியும், அப்பாவோட வண்டி போன திசை கூட ஞாபகம் இருக்குன்னு பின்னாடி சொன்னான். அப்புறம் குனிஞ்சு பூட்ஸைக் கழட்டினான். ரெண்டு காலும் பக்கத்துப் பக்கத்துல. ஒரே அச்சு.

மூப்பர் ஃபெரன் சாத்தானோட வேலைன்னு மைக்கில முழங்கினார். அதுக்கு நடுவுலயே பின்வரிசையில ஒரு பூட்ஸ் விழுற சத்தம். பெண்கள் பக்கம் இன்னொண்ணு. ஏழு பேரை நான் எண்ணினேன்.

கல்யாணம் நின்னுச்சு. வெளிச்சம் இருக்கிறப்பவே என்னையும் நெட்ராவையும் லோர்னையும் அவன் வண்டியிலயே ஏத்தி ஊர் எல்லையில விட்டாங்க. நெட்ரா அழவே இல்ல. அந்த வெள்ளை உடையோட நடு சீட்டுல உட்கார்ந்து, "அண்ணா, ஜன்னலை இறக்கு"ன்னு மட்டும் சொன்னா.

எஸ்ராவும் வில்லாவும் உள்ளயே மாட்டிக்கிட்டாங்க. வக்கீல் பேப்பரோட அலையுறேன், நீதிபதி தேதி மேல தேதி குடுக்கிறார். நேத்து பள்ளிக்கூடத்து வேலிக்குப் பின்னாடி வில்லா தனியா நின்னா. கிட்ட போனேன். ரெண்டு அடி பின்னாடி நகர்ந்தா.

"நீ என் அம்மா இல்லையாம். என் ரத்தம் மாறிடுச்சாம், லூரீன் அம்மா ரத்தமாம்."

என் அடிவயித்துல இருந்து வந்த கோபத்துக்கு அந்த வேலியே உருகியிருக்கணும். என்கிட்ட ஆல்டன் கால் மாதிரி அடையாளம் எதுவும் இல்லையே, இவளுக்கு எதைக் காட்டுவேன்? ஆனாலும் மண்ணுல உட்கார்ந்து செருப்பைக் கழட்டினேன். என் கட்டை விரலை விட அடுத்த விரல் நீளம், அசிங்கமான கால். அதைக் கம்பி மேல வெச்சேன். வில்லா சுத்திமுத்திப் பார்த்துட்டு, காலுறையை உருவி, அந்தப் பக்கத்துல இருந்து தன் காலை வெச்சா. ரெண்டையும் மாத்தி மாத்திப் பார்த்தா.

"மாறலயேம்மா"ன்னா.

தூரத்துல தீர்க்கதரிசியோட காவல் வண்டி திரும்புச்சு. அவளைக் காலுறையை மாட்டிக்கிட்டு ஓடச் சொன்னேன். நான் செருப்பைத் தொடல. வெறுங்காலோட அப்படியே நின்னேன், நல்லாப் பார்த்துட்டுப் போகட்டும்னு.