மிச்சமிருந்த ஐந்து கிணறுகள்

அவளுடைய மூன்று நிமிடப் பேச்சில் பதினேழு முறை மணி அடித்தார் பயிற்சியாளர். ஹோட்டல் வரவேற்பு மேசையில் உள்ளங்கையால் தட்டுவோமே, அந்த மணி. விஞ்ஞானிகள் பொதுமக்களிடம் பேசக் கற்றுக்கொள்வதற்கான இரண்டு நாள் பயிற்சி அது. அவர் வானொலியில் முப்பது வருஷம் தொண்டை தேய்ந்தவர். கடினமான சொல் வந்தால் ஒரு தட்டு, புள்ளிவிவரம் வந்தால் ஒரு தட்டு, ‘ஆனால்’ வந்தால் இரண்டு. முதல் நாள் மதியச் சாப்பாட்டுக்குள் அவருக்கு மணியக்காரர் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அவளுடைய துறை நிலத்தடி நீர். ஆறு வருஷமாக நகரத்தின் நாற்பத்தாறு ஆழ்குழாய்க் கிணறுகளில் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் பிடித்து ஃப்ளோரைடு அளந்திருந்தாள். நாற்பத்தொன்றில் குறையில்லை. கல்குவாரிப் பக்கத்து ஐந்தில் மட்டும் அளவு மீறியிருந்தது. அந்தத் தண்ணீரைச் சின்னக் குழந்தைகள் குடித்துவந்தால், ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் பல்லே கெட்டுப்போகும். கொதிக்க வைத்தாலும் பயனில்லை.

“அந்த அஞ்சு கிணத்துக்கு வந்ததும் உங்க முகம் சுண்டிப்போகுது மேடம்,” என்றார் மணியக்காரர். “பயந்தவன் காதுல எதுவும் ஏறாது. அதை எடுத்துடுங்க.”

“சார், அதுதான் முக்கியமே.”

“முக்கியமானதெல்லாம் அறிக்கைல இருக்குல்ல? மேடைக்கு ஒரு சேதி போதும். அதையும் சிரிச்சுட்டே சொல்லுங்க. கடைசி வரிசைக்காரனுக்கும் பல்லு தெரியணும்.”

எடுத்துவிட்டாள். யாரும் கையை முறுக்கவில்லை. நூற்றிருபது பக்க அறிக்கையை அவளுடைய மேலதிகாரியே விசிறிக்கொள்ளத்தான் எடுத்தார் என்ற ஆத்திரம் உள்ளே கிடந்தது. கைத்தட்டல் என்றால் எப்படி இருக்கும் என்று ஒரு முறையாவது பார்த்துவிட ஆசை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். மூன்று நிமிடப் பேச்சில் தாராளமாக மறைக்கலாம்.

பயிற்சி முடிவில் நடந்த பேச்சுப் போட்டியில் முதல் பரிசு அவளுக்குத்தான். மணியக்காரர் தன் மணியையே நினைவாகக் கொடுத்தார். அவள் பேசிய வீடியோவை அவளுடைய அக்கா சொந்தபந்தத்தில் ஒருவர் விடாமல் அனுப்பினாள். அக்காவுக்கு அப்போது மூன்று வயதில் ஒரு மகள். அடுத்த மாதமே குவாரிப் பக்கத்தில் வாடகை குறைவு என்று வீடு மாறினார்கள்.

அவள் முதல்முறை அந்த வீட்டுக்குப் போனபோது தெருப்பலகையில் இருந்தது, அந்த ஐந்து கிணறுகளில் ஒன்று இருந்த தெருவின் பெயர். அக்கா கொடுத்த தம்ளரைக் கையில் வாங்கி, எங்கே பிடித்த தண்ணீர் என்று கேட்க வாயெடுத்தாள். அதற்குள், வீடியோவில் பேசின தங்கச்சியைப் பார்க்கவென்று பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்துவிட்டார்கள். சிரித்துப் பேசியதில் கேள்வி தண்ணீரோடு உள்ளே போய்விட்டது. அதன்பிறகு ஊர் ஊராக மேடை ஏறினாள். கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். தெரியாமல் இருப்பது வசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

நாலு வருஷம் போய்விட்டது. இந்த ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டிக்கு மகளைத் தயார்செய்ய வா என்று அக்கா கூப்பிட்டிருந்தாள்.

“வேற எதையும் பேச மாட்டாளாம். சித்தி பேச்சுதான் வேணுமாம்,” என்று சிரித்தவள், அடுப்பைத் தணித்துவிட்டு அருகில் வந்து குரலைத் தாழ்த்தினாள். “அது கெடக்கட்டும். இவளுக்குப் புதுசா முளைச்ச முன்பல்லைப் பாரேன். திட்டுத் திட்டா வெள்ளையா இருக்கு. பேஸ்ட் ஒத்துக்கலையோ?”

“அக்கா, தண்ணி...”

“தண்ணியில ஒண்ணுமில்லடி. வீட்டுக்காரம்மாகூட அப்பவே, புள்ளைக்குக் கேன் தண்ணி வாங்குங்கன்னாங்க. உங்க மாமா விடல. ‘படிச்சவ, அளந்து பாத்தவ, உன் தங்கச்சியே சொல்லியாச்சு. அவளைவிட இந்தம்மாவுக்குத் தெரியுமா’ன்னு வாயடைச்சுட்டார்.”

அறிக்கை படிக்காத வீட்டுக்காரம்மாவுக்குத் தெரிந்திருந்தது. கடினச் சொல் ஒன்றுகூட இல்லாமல், எண் இல்லாமல், ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். இதைச் சொல்ல மூன்று நிமிடம்கூட வேண்டாம். அப்படிப் பேசக் கற்றுத்தருவதுதான் இப்போது அவளுக்குத் தொழிலே. ஆனாலும் அக்காவின் முகத்தைப் பார்த்தால் முதல் சொல்லே வரவில்லை. தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

குழந்தை அவள் பையைக் குடைந்து மணியை எடுத்து, அவள் முன்னால் முக்காலியில் வைத்தது.

“சித்தி, நான் தப்பாச் சொன்னா அடிக்கணும். சரியா?”

நாலடி தள்ளிப் போய் நின்றது. வீடியோவில் அவள் நின்ற மாதிரியே தோளை நிமிர்த்திக்கொண்டு, கடைசி வரிசைக்கும் தெரியும்படி வாய் நிறையச் சிரித்தது. மேல் வரிசையில் இரண்டு புதுப் பற்கள், சுண்ணாம்பை விரலால் இழுத்துவிட்டது போல் குறுக்கே வெள்ளை வரிகளோடு. அந்த வரிகள் நாளடைவில் பழுப்பேறும் என்று அறிக்கையின் எண்பத்தெட்டாம் பக்கத்தில் அவளேதான் எழுதியிருந்தாள்.

“நம்ம காலுக்குக் கீழே ஒரு நல்ல சேதி ஓடிக்கிட்டு இருக்கு. நம்ம ஊர்த் தண்ணி நல்ல தண்ணி. பயப்படாமக் குடிங்க!”

குழந்தை நிறுத்தி, சரிதானா என்று அவளைப் பார்த்தது. அவள் உள்ளங்கை மணியின்மேல் இருந்தது. பேசிக் களைத்த பிள்ளைக்கென்று ஒரு தம்ளர் தண்ணீரோடு அக்கா வாசற்படியில் வந்து நின்றிருந்தாள்.