ஒரு கூட்டுக்கு வேண்டிய ஒட்டடை

எங்கள் பூங்காவில் ஒரே ஒரு ஒட்டடை காட்டுங்கள், என் பெயரை மாற்றிக்கொள்கிறேன். பதினோரு வருடமாக இங்கே துப்புரவு வேலை எனக்கு; விளக்குக் கம்பம், பாட்டு மண்டபம், வேலி என்று என் ஒட்டடைக் கோல் படாத இடமில்லை. அந்தத் திமிரோடு போய்க்கொண்டிருந்தவளைத்தான் செவ்வாய்க்கிழமை காலை செகுந்தோ மடக்கினார். பேருந்து ஓட்டுநர். வண்டி கிளம்பும்வரை பூங்காவில் குருவி பார்க்கிற ஆள்.

"தெல்ஃபினா, நில்லு. அந்தக் கிளையைப் பாரு."

பாதி எலுமிச்சை அளவில் ஒரு கூடு. ஒரு பக்கம் பிரிந்து தொங்கியது. ரீங்காரச்சிட்டு ஒன்று, நாங்கள் கிந்தே என்போம், அதை அலகால் தூக்கித் தூக்கி ஒட்டப் பார்த்தது. தூக்கத் தூக்கச் சரிந்தது.

"ஏன் நிக்க மாட்டேங்குது?"

"எதை வச்சு நிக்கும்? பஞ்சையும் பாசியையும் இழுத்துக் கட்டுறதே சிலந்தி நூல்தான். அதைத்தான் நீ தினமும் வழிச்செடுத்துடுறியே, மகராசி! ரெண்டு நாள்ல முட்டை வந்துடும். கூடு இல்லேன்னா தரையிலதான்."

எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பொடிசு ஆண் துணைகூட இல்லாமல் தனியாக வீடு கட்டுகிறது. அதன் சாந்தை நான் வாரிக் குப்பையில் கொட்டியிருக்கிறேன். பாவி!

எனக்குத் தெரிந்து ஒட்டடை கிடைக்கிற வீடு ஒன்றுதான். என் நாத்தனார் சொய்லாவின் வீடு. "உன் வீட்டுல காப்பி குடிச்சா சிலந்தியும் சேந்து உள்ள போகும்" என்று ஒரு கல்யாணத்தில் எல்லோர் முன்னாலும் சொல்லித் தொலைத்தேன். நாலு வருடமாகப் பேச்சில்லை. வெட்கத்தை விழுங்கிக்கொண்டு கதவைத் தட்டினேன்.

"என்ன அண்ணி, சூரியன் மேற்கால உதிச்சிருச்சா?"

"கொஞ்சம் ஒட்டடை வேணும், சொய்லா." விஷயத்தைச் சொன்னேன்.

அவள் சிரித்த சிரிப்பில் முற்றத்துக் கோழிகள் சிதறி ஓடின. "நாலு வருஷம் கழிச்சு வந்து கேக்கறது இதையா! உள்ள வாங்க. மூலைக்கு ஒரு ரகம் வச்சிருக்கேன்."

கோல் நிறையச் சுற்றிக்கொண்டோம். அவளும் கூடவே வந்தாள். கிளைக்குப் பக்கத்தில் கோலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். கை மரத்துப்போனது.

"அசையாதீங்க அண்ணி," என்று சொய்லா கிசுகிசுத்தாள்.

வந்துவிட்டது. என் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி, ஆகாயத்திலேயே நின்றது. இறக்கைக் காற்று கன்னத்தில் பட்டது. அடி அம்மா, இத்தனூண்டு உடம்புக்குள் இவ்வளவு உயிரா! ஒரு நூலை உருவிப் போய், கூட்டைச் சுற்றி ஓட்டி, நெஞ்சால் அழுத்தித் தேய்த்தது. திரும்பி வந்தது. மறுபடியும் வந்தது. தொங்கின பக்கம் மெல்ல மெல்ல மேலே ஏறியது. என் கண்ணில் தண்ணீர் வழிந்தது, துடைக்கக் கை ஒழியவில்லை.

வியாழக்கிழமை காலை, கிந்தே தேன் தேடிப் போன நேரம், சொய்லா தன் கைக்கண்ணாடியைக் கூட்டுக்கு மேலே நீட்டிப் பிடித்தாள். உள்ளே அவரை விதை அளவில் வெள்ளையாக ஒரு முட்டை. இருவரும் வாயைப் பொத்திக்கொண்டோம்.

நாங்கள் நகர்வதற்குள் தாய் திரும்பிவிட்டது. எங்கள் இருவர் தலைக்கும் நடுவே புகுந்து, முட்டை மேல் உட்கார்ந்தது.

கூடு தாங்கியது.